மலைப்பாதையில் வாந்தி வருமா? மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. சில வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மறுநாள் மாலை வரை ஓயாத வாந்தி. தையல் பிரிந்துவிடுமோ என்று நடுங்கினேன். இப்போது பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்ய வேண்டும். "உனக்குப் பித்த உடம்பு, அப்படித்தான் வரும்" என்கிறார் அக்கா. முதுகில் ஊசி போட்டே முடித்துவிடச் சொல்லலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பித்த உடம்பின்மேல் பழி போட வேண்டாம், அம்மா. முழு மயக்கத்துக்கு வழக்கமாக செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் போன்ற மருந்துகளைச் சுவாசத்தோடு கொடுக்கிறோம். முதல் இரண்டு மணி நேர வாந்திக்கு முக்கியக் காரணம் அவைதான். அதற்குப் பிறகும் நீடித்தால் வலிக்குப் போடும் மார்ஃபின் வகை ஊசிகளுக்கும் பங்கு உண்டு.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்புவார்கள். அது தோள்பட்டை வரை வலியைக் கொண்டுபோகும் என்பதால் பெரும்பாலும் முழு மயக்கமே தருகிறோம். ஆனால் அதைப் புரொப்போஃபால் ஊசியாலேயே தரலாம். பால்போல் வெள்ளையாக இருக்கும். சிரிஞ்ச் பம்ப் மூலம் கடைசி வரை சீராக ஏற்றுவோம். 2004இல் வெளியான பெரிய ஆய்வில் 5,000க்கும் மேற்பட்டோரைக் கவனித்தார்கள். சுவாச மருந்துக்குப் பதில் புரொப்போஃபால் கொடுத்தபோது வாந்தி அபாயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் போன்ற வாந்தித் தடுப்பு மருந்து ஒவ்வொன்றும் மேலும் கால் பங்கு குறைத்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இவை எல்லாவற்றையும் சேர்த்தே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் பெண், புகைப்பழக்கம் இல்லாதவர், முன்பே இப்படி வாந்தி எடுத்தவர், அறுவைக்குப் பிறகு மார்ஃபின் வகை ஊசி தேவைப்படுபவர் என்ற நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால் வாந்திக்கான வாய்ப்பு சுமார் 80 சதவீதம். நான்கும் இல்லாதவருக்குப் பத்து சதவீதம்தான். பயண வாந்தியும் இந்தக் கணக்கில் வரும். அதனால்தான் "மஞ்சோலை மலை பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் போவீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்வதா என்று கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை.

அறுவைக்கு முன்பே மயக்க மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். துளையிட்ட இடங்களில் மரப்பு ஊசியும் பாராசிட்டமாலும் கொடுத்தால் மார்ஃபின் வகையைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அத்தனையும் மீறி வாந்தி வந்தால், முதலில் போட்ட வாந்தித் தடுப்பு ஊசியையே சில மணி நேரத்துக்குள் திரும்பப் போடுவதில் பயனில்லை. வேறு வகை மருந்து தேவை. உடன் இருப்பவர் அதைச் செவிலியரிடம் தயங்காமல் கேட்கட்டும்.