உணவு, வளர்சிதை மாற்றம், இதய நோய் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? அவர்கள் சொல்வதை நம்பலாமா?

சில வருடங்களாக இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன். சாப்பிட்டது உடம்புக்குள் போய் என்ன ஆகிறது, அது எந்த வழியில் சர்க்கரை நோயாகவோ மாரடைப்பாகவோ போய் முடிகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஆனால் எங்கள் நேரத்தை அதிகம் விழுங்குவது ஒரு சாதாரணக் கேள்வி. இந்த ஆள் உண்மையில் என்ன சாப்பிட்டார்?

கேட்டால் சொல்லிவிடப் போகிறார் என்று தோன்றும். நேற்று மதியம் எவ்வளவு எண்ணெய் உங்கள் வயிற்றுக்குள் போனது என்று யோசித்துப் பாருங்கள், தெரியாது இல்லையா? ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான வகைகள் (ஐசோடோப்புகள்) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்தால் ஒருவர் எவ்வளவு சக்தி செலவழித்தார் என்று கணக்கிட்டுவிடலாம். எடை ஏறாமல் இறங்காமல் இருக்கிறவர் அதே அளவுதான் சாப்பிட்டிருக்க வேண்டும். அதை அவரே எழுதிய உணவுக் குறிப்போடு ஒப்பிட்டால் குறிப்பில் பல நேரம் குறைவாகத்தான் இருக்கும், உடல் பருமன் உள்ளவர்களிடம் இன்னும் குறைவாக. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது, மறதியும் கூச்சமும்தான்.

அதனால்தான் சில ஆய்வுகளில் ஆட்களை உள்ளேயே தங்கவைத்து, கொடுப்பதையும் மிச்சம் வைப்பதையும் கிராம் கணக்கில் எடை போடுகிறோம். நான் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா தட்டை எப்போதும் காலியாகவே திருப்பிக் கொடுப்பார். ஒருநாள் அவர் அறைக் குப்பைக்கூடையில் டிஷ்யூவில் சுற்றிய பாதி ரொட்டி கிடந்தது. மிச்சம் வைத்தால் எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று மறைத்திருக்கிறார், பாவம். அதை அப்படியே தராசில் வைத்தேன், அப்புறம் அதே பெட்டியிலிருந்து ஒரு புது டிஷ்யூவை எடுத்து எடைபோட்டுக் கழித்தேன். அன்றைக்கு அவருடைய கணக்கு சரியானது, ஆனால் அதற்கு முந்தைய நாட்களின் கணக்கை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருந்தது.

இப்படி உட்கார்ந்து அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு கெவின் ஹால் குழு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள், மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். 20 பேர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பருக்கை விடாமல் அளந்த 20 பேர் என்பதால் எனக்கு அது பெரிய எண்ணிக்கை.

ரத்தப் பரிசோதனை நாள் வேறு மாதிரி இருக்கும். வெறும் வயிற்றில் வந்தவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, கையில் மாட்டிய ஊசி வழியாக அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுப்போம். இரண்டு மணி நேரம் கழித்து, இப்படி வந்த இரண்டு பேருக்குச் சர்க்கரை ஒரே மாதிரி நார்மலாக இருக்கும். இன்சுலினைப் பார்த்தால் ஒருவருக்கு மற்றவரைவிடப் பல மடங்கு! அவருடைய கணையம் ஓவர்டைம் பார்த்து அந்த நார்மலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரண ரிப்போர்ட்டில் இது தெரியவே தெரியாது, சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இது தொடங்கிவிடும். இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காத இந்த இன்சுலின் எதிர்ப்பும், உயர் ரத்த அழுத்தமும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுவதும் கூட்டாக வருகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-இலேயே எடுத்துச் சொன்னார்.

சரி, நம்பலாமா? எங்கள் உண்மையான சிக்கல், நன்றாக அளக்கும் ஆய்வு சில வாரம்தான் ஓடும், மாரடைப்பு வரப் பல பத்தாண்டு ஆகும். இடையில் ரத்தத்தில் தெரியும் அளவுகளை வைத்து ஊகிக்கிறோம், அது சில நேரம் காலை வாரிவிடும். டார்செட்ராபிப் என்ற மருந்து நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல்லை எக்கச்சக்கமாக ஏற்றியது, ஆனால் அதை எடுத்தவர்களில் இறப்பு அதிகமானதால் 2006-இல் சோதனையையே நிறுத்தினார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் விஷயம் அப்படியில்லை, அது கூடினால் மாரடைப்பு ஆபத்தும் கூடும் என்று மரபணு, மருந்து, நீண்டகால ஆய்வு மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மத்தியதரைக்கடல் பகுதி உணவு முறை இதய நோயைத் தடுக்குமா என்று ஸ்பெயினில் 7,447 பேரை வைத்துச் செய்த ப்ரெடிமெட் ஆய்வு 2013-இல் வந்தது. சிலரைக் குழுக்களாகப் பிரித்த விதத்தில் தவறு இருந்ததைக் கண்டுபிடித்து, 2018-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்குப்போட்டு வெளியிட்டார்கள். இதைக் காட்டி "இவர்களை எப்படி நம்புவது" என்று கேட்கிறார்கள். தவறை ஊரறியச் சொல்லித் திருத்தியதால்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது. உணவு பற்றி அடுத்த செய்தி கண்ணில் பட்டால் முதலில் ஒன்றைத் தேடுங்கள்: ஆய்வில் இருந்தவர்கள் சாப்பிட்டதை யாராவது அளந்தார்களா, இல்லை ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்களா?