சம்பளம் தள்ளிப்போவதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு இரண்டு வேலைகள் கைக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, வாஷிங்டனில் ஃபெடரல் அரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், புள்ளியியல் துறையில் நேரடி வேலை. மற்றொன்று, அதே வகை வேலையை அரசிடம் ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் தனியார் நிறுவனத்தில், சம்பளமும் கூடுதல். 2025 அக்டோபரில் அரசு முடங்கியபோது உங்கள் பக்கத்து வீட்டு ஃபெடரல் ஊழியர் சம்பளமில்லாமல் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறீர்கள். அதனால் "அரசு வேலையே வேண்டாம், கம்பெனிதான் பாதுகாப்பு" என்று மகளை வற்புறுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்திலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தலைகீழாக இருக்கிறது. செலவுக்குப் பணம் ஒதுக்கப்படாமல் அரசு முடங்கினால் அரசு ஊழியருக்குச் சம்பளம் தள்ளிப்போகிறது. ஒப்பந்த ஊழியருக்கு அது இல்லாமலேயே போகலாம். இந்த வித்தியாசத்தை முழுதாகத் தெரிந்துகொண்டு பிறகு மகளோடு பேசுங்கள்.

கால் காசு என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அரசே சம்பளம் தராமல் நிற்பது நம்ப முடியாத செய்திதான். இந்தியாவில் பட்ஜெட் நிறைவேறத் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு நாடாளுமன்றம் அனுமதி தந்துவிடுகிறது. பட்ஜெட் மக்களவையில் தோற்றால் கவிழ்வது அமைச்சரவை. குமாஸ்தாவின் சம்பளம் நிற்பதில்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. இங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி பிறக்கிறது. அதற்குள் அரசுச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் 12 சட்டங்கள் நிறைவேற வேண்டும்; இல்லையென்றால் பழைய அளவிலேயே செலவைத் தொடரத் தற்காலிகச் சட்டமாவது வேண்டும். இரண்டும் இல்லாதபோது, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்காத பணத்தை எந்த அதிகாரியும் செலவிடக் கூடாது என்ற 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நெடுங்காலம் அதை யாரும் அவ்வளவு கறாராக எடுத்துக்கொள்ளவில்லை. 1980-லும் 1981 தொடக்கத்திலும் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி தந்த விளக்கங்களுக்குப் பிறகுதான், பணம் இல்லையென்றால் அலுவலகத்தை மூட வேண்டும், உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகள் போன்ற சில மட்டுமே நடக்கலாம் என்ற நடைமுறை வந்தது.

எனவே முடக்கம் தொடங்கும் நாளில் ஊழியர்கள் மூன்றாகப் பிரிகிறார்கள். ஒரு பிரிவினர் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். இவர்கள் ஆர்வத்தில்கூட வேலை செய்யக் கூடாது. அலுவலக மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சல் பார்ப்பதும் தடைதான். இரண்டாவது பிரிவினர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விமான நிலையச் சோதனையாளர்கள், சிறைக் காவலர்கள் போன்றோர். இவர்கள் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். சம்பளம் மட்டும் வராது. மூன்றாவது பிரிவினரின் சம்பளம் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பியில்லை. தபால் துறை தன் வருமானத்தில் நடக்கிறது. குடியுரிமை, குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் துறை பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் நடக்கிறது. காப்புரிமை அலுவலகம் கையிருப்புக் கட்டணம் உள்ளவரை தாக்குப்பிடிக்கும். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை நீடித்த 35 நாள் முடக்கத்தில் சுமார் 8 லட்சம் பேருக்குச் சம்பளம் நின்றது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள், மீதிப் பேர் வேலையில் இருந்தார்கள். 2025-இல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நீடித்த 43 நாள் முடக்கம், அதுவரை நாடு பார்த்தவற்றிலேயே மிக நீளமானது.

உங்கள் மகள் சேரப்போவது புள்ளியியல் துறை என்பதால் அவள் பெரும்பாலும் முதல் பிரிவில்தான் வருவாள். தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தில் அந்த 43 நாட்களில் ஏறக்குறைய எல்லாப் பணியும் நின்றது. மூத்த குடிமக்களின் ஓய்வூதிய உயர்வைக் கணக்கிட செப்டம்பர் மாத விலைவாசிக் குறியீடு கட்டாயம் தேவைப்பட்டதால், சிலரை மட்டும் திரும்ப அழைத்து அக்டோபர் 24-இல் அதை வெளியிட்டார்கள். அக்டோபர் மாதத்துக்கான வேலையின்மை விகிதம் கடைசிவரை வெளிவரவே இல்லை. கணக்கெடுப்பை நடத்தவே முடியாமல் போயிருந்தது. எண்களை நேசிக்கும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் தாமதமாவதைவிட இது அதிகம் வலிக்கக்கூடும். இதையும் அவளிடம் சொல்லுங்கள்.

இனிப் பணக் கணக்கு. ஃபெடரல் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. 2025-இல் முடக்கம் சம்பளக் காலத்தின் நடுவில் தொடங்கியதால் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் பலருக்குக் குறைந்த சம்பளம் வந்தது. அக்டோபர் கடைசியில் வரவேண்டிய சம்பளம் வரவேயில்லை. நவம்பர் முதல் வாரத்திலும் இல்லை. வாடகை முதல் தேதி, கார் தவணை, கல்விக் கடன் எல்லாம் அந்தந்த நாளில் வந்து நின்றன. முடக்கம் முடிந்த பிறகு நிலுவை மொத்தமாக வந்தது.

அந்த நிலுவை நிச்சயமா என்பதுதான் உங்கள் கடிதத்தின் மையக் கேள்வி. 2019-க்கு முன்பு ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் காங்கிரஸ் தனியாகச் சட்டமியற்றித்தான் வீட்டில் இருந்தவர்களுக்குச் சம்பளம் தந்தது. 2019 ஜனவரியில் அதை நிரந்தர உரிமையாக்கும் சட்டம் வந்தது: முடக்கம் முடிந்ததும் கூடிய விரைவில், வீட்டில் இருந்தவருக்கும் வேலை பார்த்தவருக்கும் முழுச் சம்பளம். 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்திலிருந்து, காங்கிரஸ் தனியாகப் பணம் ஒதுக்கினால்தான் வீட்டில் இருந்தவர்களுக்குச் சம்பளம் என்ற வாதம் கிளம்பியது. குடும்பங்கள் கலங்கிப்போயின. நவம்பர் 12-இல் கையெழுத்தான சட்டம் நிலுவையை வெளிப்படையாக உறுதிசெய்ததால் அந்தப் பிரச்சினை அப்போது தீர்ந்தது. என் கணிப்பில் அரசு ஊழியருக்கு நிலுவை வரும். எப்போது வரும் என்பதற்குத்தான் யாரும் பொறுப்பேற்க முடியாது.

இடைப்பட்ட காலத்தில் மருத்துவக் காப்பீடு நிற்பதில்லை. ஊழியரின் பங்கைச் சேர்த்துவைத்து, சம்பளம் திரும்பியதும் பிடித்துக்கொள்கிறார்கள். ஓய்வூதியச் சேமிப்புக்குப் பிடித்தம் நின்றுவிடும். வீட்டில் இருப்பவர் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் நிலுவை வந்ததும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளமின்றி முழுநேரம் வேலை பார்ப்பவருக்குப் பொதுவாக அந்த உதவியும் கிடையாது. அவர் வேலையில் இருப்பதாகவே கணக்கு. வீட்டு உரிமையாளருக்கும் கடன் கொடுத்தவருக்கும் அவகாசம் கேட்டு எழுத, ஃபெடரல் பணியாளர் நிர்வாக அலுவலகம் மாதிரிக் கடிதங்களையே வெளியிட்டிருக்கிறது. ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பதவி என்றால் இதில் அலட்சியம் கூடாது. அந்த அனுமதிக்கான ஆய்வில் கட்டப்படாத கடன்களையும் பார்க்கிறார்கள். தன் கையை மீறிய சூழலில் கடன் தவறியது என்று காட்ட, அவகாசம் கேட்டு எழுதிய கடிதம் உதவும்.

இப்போது நீங்கள் பாதுகாப்பு என்று நம்பும் கம்பெனிக்கு வருவோம்.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பந்த ஊழியர் இல்லை. அவருடைய முதலாளி அரசு அல்ல, கம்பெனி. அரசு வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டால் கம்பெனியால் அந்த நாட்களுக்குப் பணம் கோர முடியாது. பணம் வராத நாட்களுக்கு ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டமும் இல்லை. அரசுக் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர்கள், காவலாளிகள், உணவக ஊழியர்கள் ஆகியோர் 2018-19-இல் ஒரு மாதத்துக்கும் மேலான கூலியை இழந்தார்கள். அது திரும்ப வரவே இல்லை. குறைந்த ஊதிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காவது நிலுவை தர வேண்டும் என்று காங்கிரஸில் மசோதாக்கள் வந்தன. 2025 முடக்கம் வந்தபோதும் அவற்றில் ஒன்றுகூடச் சட்டமாகியிருக்கவில்லை. ஒரே கட்டடத்தில் ஒரே வேலை பார்க்கும் இருவரில் ஒருவருக்கு நிலுவை உண்டு, மற்றவருக்கு இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. ஆனாலும் உங்கள் மகள் கையெழுத்திடப்போவது இன்று நடப்பிலிருக்கும் சட்டத்தின் கீழ்தான்.

பட்டதாரி ஊழியர்களின் நிலை இவர்களைவிடச் சற்று மேல். மாதச் சம்பளக்காரர் ஒரு வாரத்தில் ஒரு நாள் வேலை பார்த்தாலும் அந்த வாரத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது பொதுவான தொழிலாளர் விதி. அதனால் கம்பெனிகள் முழு வாரமாகவே வேலையை நிறுத்தலாம், அல்லது சேர்த்துவைத்த விடுப்பிலிருந்து கழிக்கலாம். புதிதாகச் சேர்ந்தவரிடம் சேர்த்த விடுப்பே இருக்காது. நிறுத்தப்பட்ட ஒப்பந்த ஊழியர் மாநில வேலையின்மை உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பின்னால் நிலுவை எதுவும் வராது என்பதால், அரசு ஊழியரைப் போல அதைத் திருப்பிக் கட்டும் நிலை அவருக்குப் பொதுவாக வராது.

எல்லா ஒப்பந்தமும் முதல் நாளே நின்றுவிடும் என்று சொல்லவில்லை. முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டிலேயே முழுப் பணமும் கட்டப்பட்ட ஒப்பந்தம் தொடரலாம். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பணம் இரண்டு ஆண்டுக்கும், கொள்முதல் பணம் மூன்று ஆண்டுக்கும் செல்லும். அன்றாட நடைமுறைப் பணம் ஓராண்டோடு முடிந்துவிடும். எனவே மகள் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியது சம்பள உயர்வைப் பற்றி அல்ல. "எனக்குச் சம்பளம் தரும் ஒப்பந்தத்துக்கு முழுப் பணமும் வந்துவிட்டதா, அல்லது தவணை தவணையாக வருகிறதா? நான் வேலை பார்க்கும் இடம் அரசுக் கட்டடமா, நம் அலுவலகமா?" இவை முதல் கேள்விகள். கட்டடம் பூட்டப்பட்டால், பணமிருக்கும் ஒப்பந்தமும் நின்றுவிடும். அடுத்து, நிறுவனம் அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டதா, அல்லது இன்னொரு நிறுவனத்தின் கீழ் துணை ஒப்பந்தமா என்று கேட்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: 2025 அக்டோபரிலும் நவம்பரிலும் உங்கள் ஊழியர்களுக்கு என்ன செய்தீர்கள்? நல்ல நிறுவனங்கள் சில, தம் கைப்பணத்தில் சம்பளம் கொடுத்து, ஊழியர்களைப் பயிற்சிக்கோ அரசுசாரா வேலைகளுக்கோ மாற்றியிருக்கும். பதிலில் தயக்கம் தெரிந்தால் அதுவே பதில். இதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். வாஷிங்டன் வட்டாரத்தில் இது சாதாரணக் கேள்வி.

என் கருத்தைக் கேட்டால், அவளுக்கு அந்தத் துறை வேலையில் விருப்பம் இருக்கும்பட்சத்தில் அரசு வேலையையே எடுக்கச் சொல்வேன். ஆனால் அது ஆயுள் காப்பு என்று சொல்லி அனுப்பாதீர்கள். முடக்கத்தைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. புதிதாகச் சேருபவருக்குப் பொதுவாக ஓராண்டு, சில பதவிகளில் இரண்டு ஆண்டு, தகுதிகாண் காலம் உண்டு. அந்தக் காலத்தில் பணிப் பாதுகாப்பு மிகக் குறைவு. 2025 பிப்ரவரியில் தகுதிகாண் காலத்தில் இருந்தவர்களைத்தான் ஆயிரக்கணக்கில் நீக்கினார்கள். நீதிமன்றங்களில் அது நீண்ட வழக்காகியது. அக்டோபர் முடக்கத்தின் நடுவிலும் சுமார் 4,000 பேருக்குப் பணிநீக்க அறிவிப்பு போனது. அதை நவம்பர் சட்டம் ரத்துசெய்தது. ஆக, முதல் ஆண்டில் அவள் வெளியேற்றப்படும் வாய்ப்பு உண்மையானது. அதை ஏற்றுக்கொண்டு, தேர்ச்சியை வளர்த்துக்கொள்ளும் மனநிலையில் அவள் சேர வேண்டும்.

சேரும் தேதியையும் கவனியுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போய் செப்டம்பர் கடைசிக்கு வந்து நின்றால், அக்டோபர் 1-க்குள் சேர முடியுமா என்று அவள் மனிதவளப் பிரிவிடம் கேட்கட்டும். நிலுவைச் சட்டம் ஊழியருக்குத்தான். பணி ஆணை கையிலிருந்தும் சேராதவர் இன்னும் ஊழியர் இல்லை. முடக்கத்தில் அவருடைய தேதி தள்ளிப்போனால் அந்த நாட்களுக்கு ஒரு சென்ட்கூட வராது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதை, சேரும் நாள் எழுத்தில் உறுதியாகும்வரை தள்ளிவையுங்கள். முதல் ஆண்டில் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை அவள் கணக்கில் நீங்கள் போட்டுவைக்க முடிந்தால், நீங்கள் அவளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். 43 நாள் முடக்கத்தையும், நிலுவை வந்துசேரும் வாரங்களையும் அதைக் கொண்டு கடந்துவிடலாம்.

கடைசியாக, உங்கள் தம்பி மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுத் திறனாளர்களுக்கான எச்-1பி வேலை விசாவில், ஃபெடரல் திட்டம் ஒன்றில் ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை பார்க்கிறார். முடக்கத்தின்போது "சம்பளமில்லா விடுப்பில் இரு" என்று சொல்லிவிட்டார்கள் என்கிறீர்கள். அவருடைய நிலை உங்கள் மகளுடையதிலிருந்து வேறுபட்டது. எச்-1பி ஊழியருக்கு வேலை இல்லை என்ற காரணத்தால் முதலாளி சம்பளத்தை நிறுத்தக் கூடாது. விசா விண்ணப்பத்துக்காகத் தொழிலாளர் துறையிடம் உறுதியளித்த ஊதியத்தைத் தந்தே ஆக வேண்டும். அரசு ஒப்பந்தம் நின்றது முதலாளியின் பிரச்சினை. ஊழியர் தாமாகவே கேட்டு எடுத்த விடுப்புக்கு மட்டும் இது பொருந்தாது. ஆகவே அந்த விடுப்பைத் தாமே கேட்டதாக எதிலும் அவர் கையெழுத்திடக் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கட்டும். சம்பளச் சீட்டுகள், விடுப்பில் இருக்கச் சொன்ன மின்னஞ்சல், தொழிலாளர் துறை விண்ணப்பத்தின் நகல் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்தட்டும். தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூஎச்-4 படிவத்தில் புகார் கொடுக்கலாம். மீறல் நடந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.