ஒரே கிளாஸ் இரண்டு ஜெனரிக் அப்சர்வர்களாக இருக்க ஜாவா ஏன் விடுவதில்லை?

ஒன்றில் ஏதாவது நடந்தால் தகவல் பெறுவது அப்சர்வர், தகவல் அனுப்புவது சப்ஜெக்ட். உங்கள் பில்லிங் கிளாஸ் ஆர்டரையும் கவனிக்க வேண்டும், பேமென்ட்டையும் கவனிக்க வேண்டும். அதனால் அப்சர்வர்<ஆர்டர்>, அப்சர்வர்<பேமென்ட்> இரண்டையும் இம்ப்ளிமென்ட் செய்யப் போனீர்கள், கம்பைலர் மறுத்துவிட்டது. உங்கள் டிசைனில் பிழை இல்லை, இது ஜாவாவின் குணம்.

2004-ல் ஜாவா 5-ல் ஜெனரிக்ஸ் (எந்த டைப்புக்கு என்று கோணல் அடைப்பில் சொல்லும் வசதி) வந்தபோது, பழைய கோடும் உடையாமல் ஓட வேண்டும் என்று டைப் இரேஷர் முறையை எடுத்துக்கொண்டார்கள். கம்பைல் ஆனபின் கோணல் அடைப்புக்குள் இருப்பது அழிந்துவிடும். உங்கள் இரண்டு இன்டர்ஃபேஸும் வெறும் அப்சர்வர் என்றே மிஞ்சும், ஒரே இன்டர்ஃபேஸை இரண்டு விதமாக இம்ப்ளிமென்ட் செய்ய வழியில்லை. சி ஷார்ப்பில் இது தாராளமாக நடக்கும், அங்கே டைப் விவரம் ரன்டைமிலும் இருக்கிறது.

இதற்காக ஜெனரிக்ஸையே விட்டுவிட்டு ஆப்ஜெக்ட்டாக வாங்கி காஸ்ட் செய்யாதீர்கள். ஜாவாவின் பழைய அப்சர்வபிள் கிளாஸ் அப்படித்தான் இருந்தது. ஜாவா 9-ல் அதை டெப்ரிகேட் செய்துவிட்டார்கள், அதாவது இனி பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவிட்டார்கள்.

பில்லிங் கிளாஸ் எதையும் இம்ப்ளிமென்ட் செய்யவே வேண்டாம். அதில் ஆர்டருக்கு ஒரு மெத்தட், பேமென்ட்டுக்கு ஒரு மெத்தட் இருந்தால் போதும். சப்ஜெக்ட்<டி> தன் லிஸ்டில் கன்ஸ்யூமர்<டி> வகையை (ஒரு மதிப்பை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பாத இன்டர்ஃபேஸ்) வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் மெத்தட் ரெஃபரன்ஸைக் (மெத்தடைக் கூப்பிடாமல் அதைச் சுட்டிக்காட்டுவது) கொடுத்துவிடுங்கள். ஜாவா 8-க்குப் பிறகு இதுதான் இயல்பான வழி என்பேன். சேர்க்கும் மெத்தடின் பாராமீட்டரை மட்டும் கன்ஸ்யூமர்<? சூப்பர் டி> என்று, அதாவது டி-யோ அதன் தாய் டைப்போ எதுவும் சரி என்று, எழுதுங்கள் (லிஸ்டின் டைப்பும் அப்படியே). இல்லாவிட்டால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிற கன்ஸ்யூமர்<ஆப்ஜெக்ட்> லாகரை ஆர்டர் சப்ஜெக்ட்டில் சேர்க்க முடியாது.

சரி, சேர்த்தாயிற்று. நீக்குவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சேர்க்கும்போது கொடுத்த அதே மெத்தட் ரெஃபரன்ஸை நீக்கும்போதும் எழுதினால் போதும் என்று தோன்றும். ஆனால் அதை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் தனி ஆப்ஜெக்ட் உருவாகிறது. ஈக்குவல்ஸ் ஒத்துப்போகாது, ரிமூவ் சத்தமில்லாமல் ஃபால்ஸ் திருப்பும். எர்ரரும் வராது. பில்லிங் ஆப்ஜெக்ட் லிஸ்டிலேயே தொங்கிக்கொண்டு மெமரியை அடைத்துக்கொண்டிருக்கும், அப்புறம் ஒரு நாள் அதை மறுபடி சேர்த்தால் ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் விழும்.

அதனால் நீக்குவதற்குத் தனி மெத்தட் வைக்காமல், சேர்க்கும் மெத்தடே ஒரு ஆட்டோகுளோசபிளைத் (குளோஸ் மெத்தட் உள்ள ஆப்ஜெக்ட், குளோஸ் செய்தால் லிஸ்டிலிருந்து நீக்கும்படி எழுதுங்கள்) திருப்பித் தரட்டும். அதை வைத்திருந்து, வேலை முடிந்ததும் குளோஸ் செய்யுங்கள். 2010-ல் டாட் நெட் 4-ல் வந்த ஐஅப்சர்வபிள்<டி> இப்படித்தான், சப்ஸ்கிரைப் செய்தால் ஐடிஸ்போசபிள் கையில் வரும்.

லிஸ்டுக்கு காப்பிஆன்ரைட்அரேலிஸ்ட் போடுங்கள். தகவல் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு அப்சர்வர் தன்னை நீக்கிக்கொண்டாலும் லூப் உடையாது. சேர்ப்பதும் நீக்குவதும் அடிக்கடி நடந்தால் ஒவ்வொரு முறையும் முழு அரேயையும் நகலெடுக்கும், அது மட்டும் கவனம்.