மூன்று பொதுத் தேர்தல்களில் வென்ற மார்கரெட் தாட்சர், தேர்தலில் தோற்காமலேயே பிரதமர் பதவியை இழந்தது எப்படி?

பிரிட்டனில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற மக்களவையின் ஆதரவைப் பெற்றவரே பிரதமர் என்பதால், ஆளுங்கட்சி தன் தலைவரை மாற்றினால் பொதுத் தேர்தல் இல்லாமலேயே பிரதமரும் மாறிவிடுவார். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க, அந்தக் குழு தலைவரைத் தேர்ந்தெடுப்பதைப் போன்றது இது.

1979, 1983, 1987 தேர்தல்களில் வென்ற தாட்சர் மீது அவருடைய கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்களே அதிருப்தி கொண்டதற்கு முக்கியக் காரணம், வீட்டின் மதிப்பைப் பாராமல் வயதுவந்தோர் ஒவ்வொருவர் மீதும் விதிக்கப்பட்ட தலைவரி. மாளிகையில் வசிப்பவருக்கும் ஒண்டுக் குடித்தனக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை என்றால் யார்தான் பொறுப்பார்கள்? ஐரோப்பியக் கொள்கையில் முரண்பட்டுத் துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் 1990 நவம்பர் 1 அன்று விலகியதும், பின்னர் அவையில் அவர் ஆற்றிய உரையும் தலைமைப் போட்டிக்கு வழிதிறந்தன.

நவம்பர் 20 அன்று கட்சி எம்.பி.க்கள் வாக்களித்த முதல் சுற்றில் தாட்சருக்கு 204 வாக்குகளும், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட முன்னாள் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152 வாக்குகளும் கிடைத்தன. ஆனால் முதல் சுற்றிலேயே வெல்ல விதிப்படி தேவைப்பட்ட முன்னிலைக்கு 4 வாக்குகள் குறைந்தன. அமைச்சர்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டபோது, பெரும்பாலோர் அடுத்த சுற்றில் வெல்ல இயலாது என்று கைவிரித்துவிட, நவம்பர் 22 அன்று அவர் விலகலை அறிவித்தார்.

ஹெசல்டைனிடம் தாட்சர் தோற்றார் என்று பலர் எண்ணுவது தவறு: வாக்கு எண்ணிக்கையில் தாட்சரே முந்தியிருந்தார், ஹெசல்டைனோ அடுத்த சுற்றில் நிதியமைச்சர் ஜான் மேஜரிடம் பின்தங்கினார்.