ஃபுல் ஃபிரேமா, கிராப் சென்சாரா? டெல்டா நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாணம், கோயில், பறவை என்று படமெடுப்பவன் நான். கேமரா வாங்கப்போகும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ஃபுல் ஃபிரேம்னா என்ன? அதுல எடுத்தாத்தான் படம் நல்லா வருமா?

பழைய ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36×24 மி.மீ. 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா பரப்பிய அளவு அது. அதே அளவில் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) இருந்தால் ஃபுல் ஃபிரேம். கிராப் என்று நாம் சொல்லும் ஏபிஎஸ்-சி சென்சார் நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் சுமார் 23.5×15.6 மி.மீ.; கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. பரப்பில் ஃபுல் ஃபிரேம் இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே ஒரே அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஒரே ஷட்டரில் (வெளிச்சம் விழும் நேரம்) அதில் விழும் மொத்த வெளிச்சமும் இரண்டு மடங்குக்கு மேல், அதாவது ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. காலை வெயிலில் நாற்றங்காலை இரண்டிலும் எடுத்துப் பாருங்கள் தம்பி. எது எதில் எடுத்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

மயிலாடுதுறை, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்: விடியற்கால முகூர்த்தம்னா படமெல்லாம் புள்ளி புள்ளியா வருது. கிராப் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), கூட வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். நகையை அடகு வெச்சு ஃபுல் ஃபிரேம் வாங்கிடலாமா?

வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 தான் கிடைக்கும். எஃப் என்பது அபெர்ச்சரின் எண்; அது குறையக் குறையத் துளை பெரிது. ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் ஏற்றும் எண்; ஏற்றினால் புள்ளி கூடும்) 12,800 கேட்ட இடத்தில் 1,600 போதும். பாடியை மட்டும் மாற்றினால் கிடைப்பது இரண்டு மடங்கும் சொச்சமும். லென்ஸுக்கு ஆகும் செலவோ பாடி விலையில் சிறு பங்கு. அடகுக்கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகள் பாடிக்குக் கடன்பட்டு, மொய்க்கவர் வாங்கும் படத்திலும் முகம் தெளியவில்லையே என்று தவிப்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

எஃப் 1.8-ல் ஒன்றைக் கவனியுங்கள். கெட்டிமேளம் கொட்டும்போது மாப்பிள்ளையின் விரல் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால், பெண்ணின் குனிந்த முகம் முன்னால். முடிச்சில் ஃபோகஸ் வைத்தால் கண் மங்கிவிடும். பக்கவாட்டில் நகர்ந்து இரண்டும் ஒரே தூரத்தில் வரும்படி நின்று, எஃப் 2.8 வரை மூடிக்கொள்ளுங்கள். மலிவான எல்இடி விளக்கு உள்ள மண்டபத்தில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். வேறு வேகத்தில் படத்தில் பட்டை விழலாம்.

இதையெல்லாம் செய்தும் வெளிச்சம் பற்றவில்லை, மாதா மாதம் முகூர்த்தமும் தவறாமல் வருகிறது என்றால் அப்போது ஃபுல் ஃபிரேம் வாங்குங்கள். அதிலும் இரண்டு கார்டு போடும் பாடியாகப் பாருங்கள். ஒரு கார்டு போனாலும் இன்னொன்றில் படம் இருக்கும். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாதே.

அதே ஊர், இன்னொருவர்: ஆல்பத்துக்கு 24 மெகாபிக்சல் போதுமா?

தாராளம். 12×18 அங்குலப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் (படத்தை ஆக்கும் சிறு கட்டம்) என்றாலும் 5,400×3,600 தான் ஆகிறது. 24-ல் 6,000×4,000 இருக்கிறது.

வடுவூர், ஆசிரியர்: ஏரிப் பறவைகளையும் கோடியக்கரைப் பூநாரைகளையும் எடுக்க ஆசை. எது சரி?

கிராப் தான் சார், தயங்காமல் வாங்குங்கள். 400 மி.மீ. லென்ஸ் அதில் 600 மி.மீ. கோணத்தைக் காட்டும். தூரத்துப் பறவை சென்சாரில் விழும் அளவு இரண்டு கேமராவிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டும் 24 மெகாபிக்சல் என்றால், கிராப்பில் அந்தப் பறவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிக்சல்கள் கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் படத்தை அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10 மெகாபிக்சல் சொச்சம். 45 மெகாபிக்சல் பாடி இதைச் சரிக்கட்டும். ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல லென்ஸே வாங்கிவிடலாம். தோளில் சுமக்கும் கனமும் குறையும். கோடியக்கரையில் வெயில் ஏறுமுன் எடுத்து முடித்துவிடுங்கள். சதுப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கினால் எவ்வளவு விலை கொடுத்த சென்சாராலும் இறகு தெளியாது.

தஞ்சாவூர், இல்லத்தரசி: தாராசுரத்துச் சின்னச் சிற்பங்களை எடுக்கிறேன். கிராப் கேமராதான் வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டுமா சகோதரரே?

தேவையே இல்லை அம்மா. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிரும் ரிஷபகுஞ்சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தமும் கொம்பும் வால் நுனியும் சேர்ந்து தெளிவாக வேண்டும். கிராப்பில் எஃப் 5.6 தரும் ஆழத்துக்கு (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) ஃபுல் ஃபிரேமில் சுமார் எஃப் 8 வரை மூட வேண்டும். அப்போது ஐஎஸ்ஓவை ஏற்றியாக வேண்டும். பெரிய சென்சாரின் லாபம் அங்கேயே கரைந்துவிடும். ஆழம் வேண்டிய படங்களுக்கு இது எப்போதும் பொருந்தும். டிரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டியிருப்பதால், ஆட்டத்தைத் தாங்கும் வசதி உள்ள லென்ஸோ பாடியோ இருந்தால் நல்லது. மற்றபடி, சாய்வாக வெயில் விழும் நேரத்தில் போங்கள். உச்சிவெயிலில் செதுக்கின் மேடுபள்ளமே தெரியாது.

திருவாரூர்: பின்னாடி ஃபுல் ஃபிரேம் வாங்கத்தான் போறேன். இப்பவே அதுக்கான 24-70 லென்ஸ் வாங்கிடட்டுமா?

கிராப்பில் அது 36-105 போல நடக்கும். சிறிய மண்டபத்தில் குடும்பப் படத்துக்குப் பின்னால் போக இடம் இருக்காது. பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) என்றால் வாங்குங்கள். 24-70-ஐ அந்தப் பாடியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

நாகப்பட்டினம்: கடலோர ஈரத்துக்கு எது தாங்கும்?

சென்சார் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைத் தோல்பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைக் காயவைத்துப் போடுங்கள். உள்ளே சின்ன ஈரப்பதமானி ஒன்று வைத்து, 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.