சீனக்குடாவில் இந்திய எண்ணெய், என் கடையில் சீனப் போன்

கேள்வி: "அமெரிக்கா–சீனா, இந்தியா–சீனா என்று நடக்கிற போட்டியெல்லாம் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களின் போன், வேலை, சேமிப்பு வரைக்கும் உண்மையில் வருகிறதா? இல்லை, வெறும் செய்திச் சத்தமா?"

வருகிறது. திருகோணமலையில் பன்னிரண்டு வருடமாகப் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். வந்து போனதையெல்லாம் என் கணக்குக் கொப்பியில் காட்டலாம். ஆனால் செய்தியில் சொல்கிற வழியாக அது வருவதில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஊர். பக்கத்தில் சீனக்குடா என்று ஓர் இடம். பெயரில்தான் சீனம். அங்கே காட்டுக்குள் நிற்கிற 99 எண்ணெய்க் குதங்கள் பிரித்தானியர் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 அன்று குண்டு போட வந்தவர்கள் ஜப்பானியர். அவர்களுடைய விமானம் ஒன்று ஒரு குதத்தின் மேல் விழுந்து ஏழு நாள் எரிந்ததாம், உருகிச் சுருங்கிய தகடு இன்னும் கிடக்கிறது. 2003 முதல் அங்கே எண்ணெய் வைத்திருப்பது இந்தியக் கொம்பனியான லங்கா ஐஓசி. அதே குடாவில் மா ஆலை சிங்கப்பூர்க்காரருடையது, சீமெந்து ஆலையின் பெயரிலே டோக்கியோ இருக்கிறது. வல்லரசுப் போட்டி பற்றி எங்கள் ஊராருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தால் போதும்.

இனி என் தொழில்.

2019 மே மாதம். ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம்தான், சனம் ஏற்கெனவே பயந்துபோய் இருந்த நேரம். சீனப் போன் கொம்பனியான ஹுவாவியை அமெரிக்கா தடைப் பட்டியலில் போட்டது, கூகிள் இனி அந்தப் போன்களுக்கு இல்லை என்று செய்தி வந்தது. மறுநாளே கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பதாயிரம் அளவில் வாங்கி நாலு மாதமாகாத போன். "தம்பி, இது நாளைக்குச் செத்துப்போகுமாம். என்ன தருவீங்க?" என்றார். ஏற்கெனவே விற்ற போன்களுக்குக் கூகிள் தொடர்ந்து வேலை செய்யும் என்று நான் வாசித்திருந்தேன், அவரிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் விலையைக் குறைப்பதற்காகக் கதை விடுகிறேன் என்று நினைத்தாரோ தெரியாது. பதினைந்தாயிரத்துக்கு வாங்கினேன். அந்தக் கிழமை அப்படி மூன்று போன் வாங்கினேன். ஒன்றை என் மனைவி 2023 வரைக்கும் பாவித்தாள். கூகிள் ஒருநாளும் நிற்கவில்லை.

இதைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டதுதான் என் பிழை. அடுத்த வருடம் கூகிளே இல்லாத புது ஹுவாவி போன்கள் கொழும்புக்கு வந்தன. கமரா நல்லது, பட்டரி நல்லது, விலையும் குறைவு. "சீனாக்காரன் எப்படியும் சமாளிப்பான்" என்று புறக்கோட்டையில் நாலு பெட்டி எடுத்தேன். முதல் போனை வாங்கிப்போன பெடியன் இரண்டாம் நாள் திரும்பி வந்தான். வட்ஸ்அப் போட்டுக் கொடுத்திருந்தேன், அது ஓடியது. யூடியூப் அப் ஓடவில்லை, வங்கி அப் ஓடவில்லை. "அண்ணா, நல்ல போன்தான், ஆனா ஒண்டும் இல்லையே" என்றான். காசைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டை நட்டத்துக்கு விற்றேன், திரும்பி வந்ததைக் கழற்றிப் பாகங்களாக்கினேன். நாலாவது கடைசியில் வருகிறது.

சீனாக்காரன் சமாளித்தது உண்மைதான். 2023 ஆகஸ்டில் சொந்தச் சிப் போட்டு மேட் 60 புரோவை இறக்கி, அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்தான். ஆனால் அந்தச் சமாளிப்பு அவர்களுடைய சந்தைக்குள். மத்திய வீதியில் என் கடைக்கு வருகிற ஆள் கேட்பது யூடியூப். போட்டியில் யார் வெல்வார் என்று சரியாகக் கணித்தேன், கல்லாவில் தோற்றேன். உலகச் செய்தி பார்த்துக் காசு போடுகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

பிறகு 2022. அந்த வருடத்தின் பழியை முழுக்க வெளிநாட்டுப் போட்டியில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2019இல் வரியைக் குறைத்ததும் 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததும் கொழும்பில் இருந்தவர்கள்தான், பெய்ஜிங்கிலோ டெல்லியிலோ இருந்தவர்கள் இல்லை. மார்ச்சில் டொலர் இருநூறு ரூபா அளவிலிருந்து கிளம்பி மே மாதம் 360ஐ எட்டியது. டிஸ்பிளே மாற்ற முற்பணம் வாங்கிப் போன்களில் மஞ்சள் ஒட்டுத்தாளில் விலை எழுதி வைத்திருந்தேன், பதினொரு போன். 7,500 என்று எழுதின போனுக்கு டிஸ்பிளே மட்டும் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. எட்டுப் பேருக்குச் சொன்ன விலைக்கே செய்து கொடுத்தேன். மூன்று பேரிடம் கூடக் கேட்டேன். அந்த மூன்று பேரில் ஒருவர் இன்றைக்கும் என் கடைப் பக்கம் திரும்புவதில்லை.

போட்டி வந்தது அதற்குப் பிறகு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. செப்டம்பர் முதலாம் திகதி ஐஎம்எப் என்கிற சர்வதேச நாணய நிதியத்தின் அதிகாரிகளோடு உடன்பாடு வந்தது. அந்தக் காசு வர, கடன் கொடுத்த நாடுகள் கடனில் விட்டுக்கொடுப்போம் என்று உறுதி சொல்ல வேண்டும். கூடக் கடன் கொடுத்த நாடு சீனா, அடுத்து ஜப்பானும் இந்தியாவும். ஒருவர் விட்டுக்கொடுத்தால் மிச்சமாகிற காசில் மற்றவருடைய கடன் அடையும் என்று ஆளுக்காள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தியா கடிதம் கொடுத்தது 2023 ஜனவரியில். சீனாவின் கடிதம் போதாது என்று பேச்சு நடந்து, மார்ச்சில்தான் ஒப்பேறியது. மார்ச் 20 அன்று ஐஎம்எப் சபை கையொப்பம் வைத்தது.

அந்த ஆறரை மாதம் எனக்கு எப்படி இருந்தது? கடைக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கிற வங்கிக் கடன், அதாவது ஓவர்டிராப்ட், அதன் வட்டி ஒற்றை இலக்கத்தில் இருந்தது, முப்பதை எட்டிப் பார்த்தது. அரசாங்கம் கடன் வாங்க விற்கிற திறைசேரி உண்டியலே முப்பது வீதம் கொடுத்த காலம், வங்கி எனக்கு ஏன் குறைக்கப் போகிறது? மனைவியின் காப்பு இரண்டையும் அடைவு வைத்து ஓவர்டிராப்டை மூடினேன். கையில் காசு வைத்திருந்தவர்கள் அதே மாதங்களில் நிலையான வைப்பில் போட்டு நன்றாகவே சம்பாதித்தார்கள். ஒரே வீதியில், ஒரே காரணத்தால், ஒருவருக்கு வட்டி வரவு, இன்னொருவருக்குச் செலவு.

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், திருக்கடலூரில் மீன்பிடித் தொழில் செய்கிறார். படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவாக இருந்ததை ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். ஒரு நாள் தொழிலுக்கு முப்பது லீற்றர் என்றால் 2,610 ரூபா போன இடத்தில் 10,200. இதில் பகிடி என்னவென்றால், குடாப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் பார்ப்பது அந்தக் குதங்களைத்தான். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், குதங்களை இரண்டு நாடும் சேர்ந்து திருத்தும் என்று இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடாக வேறு நாட்டுப் படைக்குக் கொடுக்கக்கூடாது என்றும் இருந்தது. இரண்டாவதுக்காக வந்ததுதான் முதலாவது என்பது என் எண்ணம். பெரும்பாலான குதங்கள் மரம் முளைத்து நின்றன. 2022 ஜனவரியில்தான் 14 இந்தியக் கொம்பனிக்கு, 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரித்தார்கள். முப்பத்தைந்து வருடம்.

அதற்காக இந்தியக்காரன் வந்ததால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 ஜூன் கடைசியில் அரசாங்க பெற்றோல் செட்டுகளில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும் என்று நிறுத்தினபோது, லங்கா ஐஓசி செட்டுகளில்தான் பொதுச்சனத்துக்குக் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் வரிசையில் ஒரு இரவு முழுக்க நின்றேன். பக்கத்தில் நின்றவர் "இந்தியா எங்களை விழுங்கப் போகுது" என்று விடியும்வரை பேசினார். விடிந்ததும் முழுத் தாங்கி அடித்துக்கொண்டு போனார்.

தங்கம் பற்றியும் கேட்பீர்கள். 2022இல் ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பில் ஏறக்குறைய 300 பில்லியன் டொலரை மேற்கு நாடுகள் முடக்கின. டொலரில் வைத்தால் எங்களுக்கும் இதுதானா என்று மற்ற நாட்டு மத்திய வங்கிகள் பயந்து, 2022, 2023, 2024 மூன்று வருடமும் ஆண்டுக்கு ஆயிரம் தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. விலை ஏற வேறு காரணங்களும் உண்டு, இது பெரிய காரணம். 2025இல் எங்கள் நகைக்கடைகளில் பவுன் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. அடைவிலிருந்து மீட்ட காப்பு இரண்டும் இன்று என் கடையிலுள்ள சாமான் முழுவதையும்விடப் பெறுமதி. நான் திட்டமிட்டுச் செய்ததில்லை. காப்பை விற்போம் என்றேன், மனைவி விடவில்லை.

ஆனால் அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது, எட்டுப் பவுன். அவள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. 2025 ஏப்ரலில் டிரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தார், ஆகஸ்டில் அது 20 ஆக இறங்கியது. வரி நடைமுறைக்கு வர முன்னமே அவளுடைய ஓவர்டைம் நின்றுவிட்டது. ஓடர் கொடுப்பவர்கள் பொறுத்துப் பார்க்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். சம்பளம் குறைய ஒரு நாட்டுத் தலைவர், பவுன் ஏற இன்னொருவர். இரண்டு பேருக்கும் அவளுடைய பெயர்கூடத் தெரியாது.

நல்லதாகவும் வந்தது உண்டு. 2024 பெப்ரவரியில், போனாலேயே காசு கட்டுகிற இந்தியாவின் யூபிஐ முறை இங்கே தொடங்கியது. கோணேசர் கோவிலுக்கு வருகிற சென்னைக்காரர்கள் என் கடையில் சார்ஜர் வாங்கி, மேசையில் ஒட்டியிருக்கிற கியூஆரை அவர்களுடைய போனாலே ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறார்கள். முந்தி இந்திய நோட்டை நீட்டுவார்கள், நான் கணக்குத் தெரியாமல் முழிப்பேன்.

என்ன செய்கிறாய் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. சாமான் ஒரு மாதத்துக்கு மேல் தேங்க விடுவதில்லை. விலையை ஒட்டுத்தாளில் எழுதினால் "ஏழு நாளைக்கு" என்றும் எழுதுகிறேன். ஓவர்டிராப்ட் எடுப்பதில்லை. சேமிப்பில் கொஞ்சம் நிலையான வைப்பு, கொஞ்சம் நகை, மூன்று மாதச் செலவுக்குக் காசு. புதுத் தடை, புதுப் போர் என்று செய்தி வந்தால் அந்தக் கிழமை ஒன்றும் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. கிண்ணியாக்காரரிடம் அன்று வாங்கின லாபத்தை இன்றைக்கு எடுப்பேனா என்பது வேறு கதை.

அந்த நாலாவது போன் அத்தானின் படகில் இருக்கிறது. கரையை விட்டுக் கொஞ்சம் போனால் சிக்னல் இல்லை, அங்கே கூகிள் இருந்தும் பயனில்லை. வலை விட்ட இடத்தைக் குறித்துவைக்க ஒரு சின்ன அப் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் அதில் செய்மதிப் பட்டியலைத் திறந்து காட்டினேன். அமெரிக்கக் கொடி, ரஷ்யக் கொடி, சீனக் கொடி, வரிசையாக நிற்கின்றன. எல்லாம் சேர்ந்துதான் அவருடைய வலையைக் காட்டுகின்றன என்றேன். அத்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி, வெயிலுக்க ஒண்டும் தெரியுதில்லை. கண்ணாடியும் கீறுப்பட்டுட்டு, ஒண்டு ஒட்டித் தா" என்றார்.

ஒட்டிக் கொடுத்தேன். காசு தரவில்லை, மறுநாள் ஒரு கிலோ சூடை மீன் வந்தது.