கையெழுத்திட்ட முதல் பதிப்பு நாவல்களைச் சேகரிக்கத் தொடங்குகிறேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சேகரிப்பாளர்கள் முதல் பதிப்பு என்று சொல்வது, அந்தப் பதிப்பின் முதல் அச்சை மட்டும்தான். அதே பதிப்பு பத்து முறை மறு அச்சாகியிருக்கலாம். அந்தப் பிரதிகளுக்கு அதே மதிப்பு கிடையாது.

ஆங்கில நாவல்கள் பலவற்றில் காப்புரிமைப் பக்கத்தில் ஓர் எண்வரிசை இருக்கும். மறு அச்சு போடும்போது மிகச் சிறிய எண்ணை எடுத்துவிடுவார்கள். ஆக, 1 இருந்தால் பெரும்பாலும் முதல் அச்சு. ஆனால் ரேண்டம் ஹவுஸ் என்ற பதிப்பகம் பல ஆண்டுகள் முதல் அச்சிலேயே வரிசையை 2இல் தொடங்கியது. கூடவே 'முதல் பதிப்பு' என்ற வரியும் இருக்கும். இது தெரியாமல் நல்ல பிரதியை ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பதிப்பகத்தின் பழக்கத்தையும் தனியாகத்தான் கற்க வேண்டும்.

அப்புறம், மேலுறை. நவீன நாவல்களில் விலையின் பெரும்பகுதி அந்தக் காகித உறையில்தான் இருக்கிறது. 1925இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' முதல் அச்சுக்கு, உறை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதில் ஒரு சிறு பங்குதான். உறையின் உள்மடிப்பில் விலை அச்சான மூலை வெட்டப்பட்டிருந்தாலும் மதிப்பு குறையும்.

கையெழுத்து தலைப்புப் பக்கத்திலேயே நேரடியாக இருப்பது நல்லது. தனித்தாளில் கையெழுத்து வாங்கி ஒட்டியது அடுத்தபடிதான். முன்பின் தெரியாதவர் பெயருக்கு எழுதிக்கொடுத்த பிரதி பொதுவாகச் சற்று மலிவு. அதுவே இன்னொரு எழுத்தாளருக்கோ நெருங்கிய நண்பருக்கோ எழுதியது என்றால், என்னைப் பொறுத்தவரை அதைவிட அருமையான பிரதி கிடையாது.

கையெழுத்து உண்மையானது என்று சொல்லும் சான்றிதழை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். புத்தகம் யார் யார் கை மாறி வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள்.